ஞாயிற்றுக்கிழமைக் கறி

அடுப்பு மறுபடி அணைந்துவிட்டது. அணைந்தது என்றால் காற்றடித்து அணைந்ததுபோல இருக்கும். இது அப்படியில்லை, மின்சாரத் தட்டு. சுவரில் ஒரு பொத்தான், அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், கொஞ்ச நேரம் சூடாகும், பிறகு யாரையும் கேட்காமல் தானே நின்றுவிடும். பிள்ளைகள் அடுப்பை மறந்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று விடுதிக்காரர்கள் செய்துவைத்த ஏற்பாடு. முட்டை வேகவைக்கிறவர்களுக்கு அது போதும், கறி வேகவைக்கிறவளுக்குப் போதாது. சகாயராணி எழுந்துபோய் அமுக்கிவிட்டு வந்து சன்னலோரத்து நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். மடியில் நாளைக்கு வகுப்பில் வாசிக்கவேண்டிய தாள்கள். லியோன் நகரத்தில் குன்றுச் சரிவில் இருக்கிற இந்த மாணவர் விடுதியின் நான்காவது மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈ காக்கை இருக்காது. பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், மற்றவர்கள் நேற்றைய ஆட்டம் பாட்டத்துக்கு இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இந்த நேரத்தைப் பிடித்தாள். அதுமட்டும் இல்லை, இதே மாடியில் இருக்கிற சாருலதா பாரிஸில் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளைக் காலை ரயிலில் வந்து நேராக வகுப்பில்தான் இறங்குவாள். இதையும் யோசித்துத்தான் நேற்று சாயங்காலம் கடைக்குப் போய்க் கறி எடுத்தாள். அப்படியென்றால் ஒளிந்துகொண்டு சமைக்கிறாயா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. இந்த ஊரில் மாட்டுக்கறி தின்னாதவனைத்தான் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். ஒளியவில்லை, சத்தமில்லாமல் சமைக்கிறேன், அவ்வளவுதான் என்று அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். ஆனால் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தானாக மூடியை எடுத்துச் சட்டிமேல் வைக்கிறது. கைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு இன்னும் ஊர் மாறியது தெரியாது போலிருக்கிறது.

வெங்காயமும் சோம்பும் இஞ்சி பூண்டும் வதங்கிய வாசனை முடிந்துபோனது. அது எந்த வீட்டு வாசனை என்று யாராலும் சொல்ல முடியாது, ஆட்டுக்கறிக்கும் அதே வாசனைதான். இப்போது இரண்டாவது வாசனை ஆரம்பிக்கிறது. கொழுப்பு உருகி மிளகாய்த்தூளில் கலந்து, கனமாக, தரையோடு நகர்ந்து கதவிடுக்கில் வெளியே போகிற வாசனை. புதுச்சேரியில் அவள் பி.ஏ. படித்தபோது முத்தியால்பேட்டை வாடகை வீட்டில் அம்மா இந்த வாசனை கிளம்புகிற நேரத்தைச் சரியாக அறிந்து வைத்திருந்தாள். அதுவரை திறந்திருந்த சன்னலை எழுந்துபோய்ச் சாத்துவாள், ஊதுவத்தி ஏற்றி மாதா படத்துக்கு முன்னால் வைப்பாள், வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். எங்கள் வீட்டில் கீரைதான் என்று தெருவுக்குச் சொல்கிற மாதிரி. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப்பார்த்து, "என்ன மரியம்மா, கறிவாசன தூக்குது, ஆடா கோழியா?" என்று கேட்பாள். "ஆட்டுக்கறிங்க, புள்ளைக்கு ஒடம்பு தேறணும்னு," என்பாள் அம்மா. கேள்வியிலேயே இரண்டு பதில் இருந்தது, மூன்றாவதற்கு அதில் இடமில்லை. எலும்புள்ள கறியை அம்மா அந்த வீட்டில் வாங்கியதே இல்லை. ஆட்டெலும்பு எவ்வளவு பெரிசு, மாட்டெலும்பு எவ்வளவு பெரிசு என்று குப்பையைப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். எலும்பில்லாத கறியாகவே தின்று வளர்ந்த அந்த மூன்று வருஷம், நாக்குக்கு ஏதோ ஒன்று குறைந்தபடியே போனது. நேற்றுக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு, பாகம் பாகமாகப் பேர் எழுதி, நகைக்கடையில் வைப்பதுபோல வைத்திருந்தார்கள். வெள்ளை மேல்சட்டை போட்ட ஆள், "என்ன செய்யப்போகிறீர்கள் மத்மோசல், அதற்கேற்றாற்போல் தருகிறேன்," என்றான். எலும்போடு வேண்டும், வெகுநேரம் கொதிக்கிற குழம்புக்கு என்றாள். குரல் நடுங்கியது. அவன் குளிருக்கு நடுங்குகிறாள் என்று நினைத்திருப்பான். கறியைச் சுற்றிக் கையில் கொடுத்தபோது கறுப்புப் பை இருக்கிறதா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது.

சிவப்பு விளக்கு போய்விட்டது. அமுக்கினாள். தாளைப் பார்த்தாள். சமையல்காரி எப்போது சாப்பிட்டாள். இதுதான் தலைப்பு, பிரெஞ்சில் இன்னும் கொஞ்சம் நீளமாக, மரியாதையாக இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நாவல்கள். பெரிய வீடு, சாப்பாட்டு மேசை, வெள்ளித் தட்டு, என்னென்ன பதார்த்தம் வந்தது, சாறு என்ன நிறம், வாத்து எப்படி வெட்டப்பட்டது, எல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். சமையல்காரி வருகிறாள், போகிறாள், கன்னம் அடுப்புச் சூட்டில் சிவந்திருக்கிறது, எசமானி அவளுக்குத் தன் வாய்க்கு வருகிற பேரை வைத்துக் கூப்பிடுகிறாள். அவள் வாயில் ஒரு வாய் சோறு போவதை, சகாயராணி வாசித்தவரையில், யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. நின்றுகொண்டு தின்றாளா, வழித்துத் தின்றாளா, எல்லோரும் தூங்கின பிறகா, தட்டு வேறா. சகாயராணிக்கு இதைத் தேடித் தேடி ஒரு குளிர்காலம் முழுக்கப் போய்விட்டது. போன வாரம் தாழ்வாரத்தில் வைத்து மதாம் ருவெல் அவள் தோளில் கை வைத்தாள். "ராணி, நான் இந்த நாவல்களை இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், அந்தப் பெண் எப்போது சாப்பிட்டாள் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கண்ணில் மட்டும் அது எப்படிப் பட்டது? திங்கட்கிழமை அதிலிருந்து ஆரம்பியுங்கள்." நல்ல மனுஷி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பாள், யார் பேசினாலும் தலையைச் சாய்த்து முழுசும் கேட்பாள். அவள் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஊர்ப் பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகையில் அம்மா சாணி வாரி முடித்தபிறகு பின்கட்டு வாசலுக்குப் போய் நிற்பாள், கையில் வீட்டிலிருந்து கொண்டுபோன ஈயச்சட்டி, படி மேலிருந்து சோறு விழும், விழும்போது ஒரு சத்தம் வரும், தொப்பென்று. பக்கத்தில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு அந்தச் சத்தம் எந்த நாவலைத் திறந்தாலும் கேட்கிறது. அப்படித்தான் கண்ணில் பட்டது மதாம். இதைச் சொன்னால் முடிந்தது. மூன்று வாக்கியம்கூட ஆகாது.

அவள் படிப்பது இரண்டு கட்டடத்தில். காலையில் இலக்கியக் கட்டடம், அங்கே முசியே வில்லார். கட்டுரையில் நான் என்று வந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். பிரதிக்கு நீங்கள் தேவையில்லை மத்மோசல், பிரதி தானே பேசும் என்பார். மற்றவர்களுக்கு அவர் சிடுமூஞ்சி. சகாயராணிக்கு அந்த வகுப்பு வெயில் நேரத்தில் கோயிலுக்குள் போய் உட்கார்வதுபோல இருக்கும். யார் நீ, யார் மகள் என்று தூண் கேட்குமா. மத்தியானம் முற்றத்தைத் தாண்டினால் பெண்ணியல் துறை, மதாம் ருவெலின் வகுப்பு. அங்கே வழக்கம் நேர் எதிர். கட்டுரை வாசிக்கிறவர்கள் முதலில் தாங்கள் எங்கே நின்று பேசுகிறோம் என்று சொல்லவேண்டும். எந்த வீட்டில் பிறந்தோம், என்ன வசதி, என்ன நிறம், எதெல்லாம் தனக்குச் சும்மா கிடைத்தது, எது கிடைக்கவில்லை. முதல் தடவை அதைக் கேட்டபோது வியர்த்துவிட்டது. மார்கோ என்ற பெண், "என் அப்பா நொத்தேர், சொத்துப் பத்திரம் எழுதிச் சம்பாதிப்பவர், எங்களுக்குக் கடற்கரையில் ஒரு வீடும் உண்டு, என்னை மன்னித்துவிடுங்கள்," என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பக்கத்து அறை யான், "என் தாத்தா பன்றி வளர்த்தவர்," என்றான், சொல்லும்போது தாடை மேலே போனது, எல்லோரும் அவனைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார்கள். மேலே இருக்கிறவன் கூச்சத்தோடு சொல்கிறான், கீழே இருக்கிறவன் பெருமையோடு சொல்கிறான், இதென்ன தலைகீழ் ஊர் என்று அவளுக்கு ஆச்சரியம். அவள் முறை வந்தபோது, "நான் தெற்கு இந்தியாவிலிருந்து வருகிறேன், பெண், முன்னால் உங்கள் ஆட்சியில் இருந்த ஊரில் படித்தவள்," என்றாள். இருந்தவர்கள் அத்தனை பேரும் தாங்களே நேரில் வந்து ஆண்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது வீட்டைக் கேட்டவனுக்கு மாவட்டத்தைக் காட்டுகிற பதில். அப்போது வகுப்பில் அதைப் பதில் இல்லை என்று கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஒருத்தரும் கிடையாது. இப்போது சாருலதா இருக்கிறாள்.

காலையில் அம்மா கூப்பிட்டாள். கைப்பேசித் திரையில் அம்மாவின் நெற்றி மட்டும்தான் எப்போதும் தெரியும், அதற்குமேல் ஓடும் மின்விசிறி. "பூசைக்குப் போனியாடி?" போனேன் என்றாள், போகவில்லை. "என்னா கொழம்பு?" "கறி எடுத்தேம்மா." கடல் தாண்டி இருந்தும் அம்மாவின் குரல் இறங்கியது. "என்னா கறி?" "நம்ம கறிதான்." "கதவச் சாத்திக்கிட்டு வையி." "யம்மா, இங்க எல்லாரும் திங்கிறதும்மா. கடையில கண்ணாடிக்குள்ள வச்சு விக்கிறான்." நெற்றி கொஞ்ச நேரம் யோசித்தது. "எல்லாரும் திங்கிறாங்கன்னா அப்பறம் நீ ஏன் இம்மாம் மெல்லமா பேசற?" அம்மாவே சிரித்துவிட்டு, "கொத்துமல்லி கெடைக்குதா அங்க?" என்று பேச்சை மாற்றினாள். வைத்தபிறகும் அந்தக் கேள்வி காதில் நின்றது. ஏன் மெல்லமாகப் பேசுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஒரு காது இருக்கிறதே அம்மா, அது வெளியூர் போயிருந்தாலும் அந்தச் சுவர் இருக்கிறதே.

மூடியை எடுத்துக் கிளறினாள். இன்னும் வேகவில்லை, கரண்டி பட்டதும் துள்ளி விலகுகிறது. இந்த ஊர் மாடு என்ன தின்று வளர்ந்ததோ. குக்கர் இல்லாத வாழ்க்கை. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு யான் வந்தான், தலை குருவிக்கூடு மாதிரி, காலில் ஒரே ஒரு செருப்பு. காப்பிக்குத் தண்ணீர் வைத்தவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேராகச் சட்டிக்கு வந்து கேட்காமல் மூடியைத் திறந்தான். "மாடா?" "ஆமாம்." "என் அம்மா காரட் போடுவாள், சிவப்பு ஒயினை ஊற்றி மூடிவிடுவாள், நாளெல்லாம் கொதிக்கும். ஒரு வாய் பார்க்கலாமா?" கரண்டியால் குழம்பைத் தொட்டு வாயில் வைத்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, "இது கொலை," என்றான், இன்னொரு தரம் தொட்டுக்கொண்டான். அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. சகாயராணி ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்து நின்றதுபோல நின்றாள். ஊரில் ஒருத்தன் அந்தச் சட்டியில் கரண்டி வைத்தால் அது ஒரு சங்கதி, அதைப் பத்து வருஷம் பேசுவார்கள், அதற்காகவே அவனுக்கு ஒரு கிண்ணம் கூடுதலாக ஊற்றுவாள் அம்மா. இவனுக்கு அது வெறும் மாடு. பன்றி வளர்த்த தாத்தாவின் பேரன் தன் காப்பியை எடுத்துக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். பயப்பட யாருமில்லாத இடம் இவ்வளவு காலியாக இருக்கும் என்று யார் கண்டது. இவனிடம் நாளைக்குச் சொல்வதை இன்றைக்கே சொல்லிப் பார்த்திருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். காப்பியைக் கீழே வைப்பான், புருவம் சேரும், அந்த நீலக்கண்ணில் ஒரு ஈரம் வரும், "கொடுமை, ராணி," என்பான். அந்த ஈரத்தை அவள் பார்த்திருக்கிறாள், வேறொரு பெண் தன் நாட்டுப் போரைப்பற்றிச் சொன்னபோது. அதற்குப் பிறகு அந்தப் பெண் வகுப்பில் எதைப் பேசினாலும், பேருந்து தாமதம் என்று சொன்னால்கூட, எல்லோரும் அதே ஈரத்தோடுதான் கேட்டார்கள். அவளுடைய அறிவுக்கு யாரும் மறுப்பே சொல்லவில்லை. மறுப்புச் சொல்லாமல் விடுவதுபோல ஒரு தனிமை உண்டா. எனக்கு அது வேண்டாம் என்று சகாயராணி விளக்கைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. எப்போது அணைந்ததோ.

இந்தப் பக்கம் ஈரக்கண், அந்தப் பக்கம் சாருலதாவின் கண். அது ஈரமாகாது, காய்ந்துபோகும். சனவரியில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தாள் சாருலதா. காப்பி இயந்திரத்துக்கு முன்னால் நின்று அது சில்லறையை விழுங்கிவிட்டதற்கு, "நாசமாப் போ," என்று சொன்னாள், மெதுவாக, தமிழில். சகாயராணிக்கு உடம்பு முழுக்க ஒரு தரம் சிலிர்த்தது. அதுவரைக்கும் ஐந்தாறு மாசமாகத் தமிழ் கைப்பேசிக்குள் மட்டும்தான் இருந்தது, எதிரில் நிற்கிற மனுஷ வாயிலிருந்து வந்து கேட்கவில்லை. "தமிழா நீங்க?" என்று இவள்தான் முதலில் கேட்டாள், இவள்தான் பாய்ந்தாள், அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவளும் கையைப் பிடித்துக்கொண்டாள். வில்லியனூராம். விடுதிச் சாப்பாட்டைத் திட்டினார்கள், குளிரைத் திட்டினார்கள், முசியே வில்லாரின் இருமலை இரண்டு பேரும் செய்து காட்டிச் சிரித்தார்கள். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஆரம்பித்தது. "உங்களுக்கு ஊரு எதுங்க?" "திண்டிவனம் பக்கம்." "திண்டிவனத்துல எங்க?" "கொஞ்சம் உள்ள தள்ளி, ஒரு கிராமம்." "பேரு சொல்லுங்க, எங்க சித்தப்பா அங்கதான் ரைஸ்மில் வச்சிருக்காரு." பேரைச் சொன்னாள், ஊர்ப் பேரை. "அட, அதே ஊருதாங்க. அதுல எந்தப் பக்கம்?" குளம் பக்கம் என்றாள், குளத்துக்கு இரண்டு கரை உண்டு. "கிறிஸ்டியனா நீங்க? முந்தியிலேர்ந்தேவா, நடுவுல மாறினவங்களா?" கேட்டது கெட்ட எண்ணத்தில் இல்லை. பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டால் நாக்கு அங்கேயே போகிறதல்லவா, அதுபோல. அந்தக் கேள்விகளை வரிசையாகப் போட்டு ஒரு ஆளை நெருக்கி அவன் தெருவிலேயே கொண்டுபோய் நிறுத்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. வகுப்பு இருக்கிறது என்று பாதிக் காப்பியோடு ஓடிவந்துவிட்டாள் சகாயராணி. அன்றிலிருந்து ஒளிந்து விளையாட்டு. அடுத்த மாசமே சாருலதா இதே மாடிக்கு அறை மாற்றிக்கொண்டு வந்தாள், "பக்கத்துலயே இருந்தா பேசிக்கலாம்ல," என்று. பாவம், அவளுக்கும் தமிழ்ப் பசி. இவள் கதவுக்குள் உட்கார்ந்து அவள் தாழ்வாரத்தில் நடக்கிற சத்தத்தைக் கேட்பாள். சாருலதா நடக்கும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே போவாள், கணக்கோ பாட்டோ. அந்த முணுமுணுப்புக்காகக் கதவில் காதை வைத்த நாளும் உண்டு. திறக்கத்தான் இல்லை.

யோசித்தால் மதாம் ருவெலும் சாருலதாவும் கேட்பது ஒரே கேள்விதான். எங்கே நிற்கிறாய். ஒருத்தி பதிலை வாங்கி மாலையாகப் போட வருகிறாள், இன்னொருத்தி எந்த வாசல்வரை விடலாம் என்று பார்க்க. நடுவில் நாளைக்கு மூன்று வாக்கியம். என் அம்மா பின்கட்டு வாசலில் நின்றாள். பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தாள், உதடு மட்டும் அசைந்தது. பின்கட்டு வாசல் என்றால் இவர்களுக்கு வேலைக்காரர் வாசல், அவ்வளவுதான் விளங்கும், அதில் என்ன இருக்கிறது, எல்லாப் பழைய வீட்டிலும் உண்டு. அப்போது சாதி என்ற சொல்லைச் சொல்லியாகவேண்டும். அதைச் சொன்னதும் மேசைக்கு அந்தக் கோடியில் சாருலதா பேனாவை மூடுவாள். அந்தச் சின்னச் சத்தம் யாருக்கும் கேட்காது, இவளுக்குக் கேட்கும். அப்புறம் தாழ்வாரத்தில் முணுமுணுப்பு இருக்காது. அல்லது இருக்கும், கதவுக்கு முன்னால் வரும்போது மட்டும் நிற்கும். சொல்லாமல் விட்டால்? நாவலில் ஆரம்பித்து நாவலில் முடித்துவிடலாம், முசியே வில்லார் மெச்சுவார், மதாம் ருவெல் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு நன்றி ராணி என்பாள். சமையல்காரி எப்போது சாப்பிட்டாள் என்று ஊரையெல்லாம் கேட்டுவிட்டு, கேட்கிறவள் தன் சாப்பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றால் அந்தக் கட்டுரையை எந்த வாயால் வாசிப்பது. அந்த நாவல் எழுதினவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். அவர்களுக்குத் தெரியாது, எழுதவில்லை. எனக்குத் தெரியும். அவள் எழுந்து அமுக்கினாள், சன்னலைத் திறந்தாள், குளிர் முகத்தில் அடித்தது, சாத்தினாள். கரண்டியால் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினாள். பிரிந்தது. வெந்துவிட்டது. எலும்புக்குள்ளிருந்து நெய்போல ஒன்று வழிந்தது. சட்டி நிறைய இருக்கிறது, அம்மா கையளவு, ஐந்து பேருக்கு வைக்கிற அளவு. ஒரு ஆளுக்கு வைக்க அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

படிக்கட்டில் சத்தம். மூடி, கை. இந்தத் தடவை கை போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், பாதி வழியில் நின்றது. கதவு திறந்தது. தோளில் பையோடு, குளிரில் மூக்கு சிவந்து, சாருலதா.

"அப்பாடா, ஒரு ஆளாவது இருக்கீங்களே," என்றாள். "நாளைக்கு ரயில் ஓடாதாம், ஸ்டிரைக்காம். மாமா காலையிலயே கொண்டாந்து ஏத்தி வுட்டுட்டாரு. அத்தை புளிசாதம் கட்டிக் குடுத்தாங்க, கூடக்குறைய ஊருக்கே போடலாம்." பையைத் திறந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூச்சை இழுத்தாள். "மாடிப்படியிலயே ஆள இழுக்குதுங்க. மாமா வீட்லகூட இந்த வாசன இல்ல. என்ன, மட்டனா?"

கேள்வியோடு பதிலும் வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். அம்மாவின் கழுத்து எப்படி ஆடும் என்று அவள் கழுத்துக்குத் தெரியும்.

"மட்டன் இல்லங்க."

"பின்ன சிக்கனா?"

"மாட்டுக்கறி."

சாருலதா ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம் சிரித்தாள், நல்ல சிரிப்புதான். "ஓ, இங்க வந்து பழகிட்டீங்களா. அது எப்படியும் நடந்துடுதுங்க. நானே ஒரு தடவ பர்கர்ல தெரியாம தின்னுட்டேன், எங்கம்மாகிட்ட இன்னும் மூச்சு விடல."

எவ்வளவு அழகாக ஒரு கதவைத் திறந்து வைக்கிறாள். உள்ளே வெளிச்சமாக, வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆமாங்க, குளிருக்கு வேற வழி, என்று சொல்லிக்கொண்டு நுழைந்தால் இரண்டு பேரும் இந்த மேசையில் உட்காரலாம், புளிசாதம் தின்னலாம், சாயங்காலம்வரை தமிழ் பேசலாம், நாளைக்கும் பேசலாம். சகாயராணிக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"இங்க வந்து இல்லங்க. எங்க வீட்ல ஞாயித்துக்கெழமன்னா இதான். எங்கம்மா வைக்கிறது."

சாருலதாவின் கை டப்பா மூடிமேல் இருந்தது. திறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பார்வை சட்டிக்குப் போனது, சன்னலுக்குப் போனது, டப்பாவுக்கே திரும்பி வந்தது.

"எங்க சித்தப்பா மில்லு இருக்கிற ஊருதான ஒங்களுக்கு?" என்றாள்.

"ஆமா. மில்லுக்குப் பின்னாடி தெரு. குளத்துக்கு அந்தக் கரை."

"ம்." போய்விடுவாள், ஏதாவது ஒரு காரணம் சொல்லி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று சகாயராணி நினைத்தாள். ஆச்சரியம், நினைத்த அளவுக்கு அது வலிக்கவில்லை. ஆனால் அவள் போகவில்லை. தாள்களைப் பார்த்தாள். "நாளைக்கு ஒங்க முறைதான?"

"ஆமா."

"இதச் சொல்லப் போறீங்களா? அங்க?"

அந்த நிமிஷம்வரை சகாயராணிக்கே தெரியாது. "சொல்லத்தான் போறேன்."

சாருலதா நாற்காலியை இழுத்து, உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசியபோது குரல் இறங்கியிருந்தது, யாருமில்லாத மாடியில், யாருக்கும் புரியாத மொழியில். "நான் போன மாசம் வாசிச்சப்ப என்ன சொன்னேன், காலனி ஆட்சிக்கு உட்பட்ட ஊரு, ஆசியப் பொண்ணுன்னு சொன்னேன். எல்லாரும் கையத் தட்டினாங்க. நீங்களும் இருந்தீங்க." நகத்தால் நாற்காலியின் வார்னிஷைச் சுரண்டினாள். "நீங்க இதச் சொன்னீங்கன்னா எல்லாரும் என் பக்கம் திரும்புவாங்க இல்ல? இந்தியாலேர்ந்து நாம ரெண்டு பேருதான். நீங்க அதுல எங்கன்னு மதாம் என்னையும் கேப்பாங்க இல்லையா?"

சகாயராணி அவள் முகத்தைப் பார்த்தாள். கண் காய்ந்திருக்கவில்லை. காதுமடல் சிவந்து, உதடு வறண்டு, பதில் எங்கிருந்து வரப்போகிறதோ என்று ஒரு முகம். இத்தனை நாள் கண்ணாடியில் மட்டும் பார்த்திருந்த முகம், இன்னொருத்தி கழுத்தின்மேல். இல்லங்க, அதெல்லாம் கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க, என்று சொல்ல வாய் தயாராக இருந்தது, அவளை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். மற்றவர்களுக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்வதில் அவள் வீட்டில் எல்லோரும் கைதேர்ந்தவர்கள்.

"கேப்பாங்க," என்றாள் சகாயராணி.